டாமியாவின் 1/35 வில்லிஸ் ஜீப்: ஒரு டிங்கரின் மதிப்புரை

பழைய ஜீப் வாங்க வருகிறவர் விவரமான ஆளாக இருந்தால் முதலில் பெயின்டைப் பார்க்க மாட்டார். நாலடி தள்ளிப் போய், வண்டி எப்படி நிற்கிறது என்று பார்ப்பார். ஸ்பிரிங் பட்டை ஒரு பக்கம் தளர்ந்திருந்தாலும், சேசிஸ் முறுக்கிக்கொண்டிருந்தாலும் அது நிற்கிற நிலையிலேயே தெரிந்துவிடும். டாமியா நிறுவனத்தின் 35219 எண் கொண்ட வில்லிஸ் எம்பி ஜீப் கிட்டையும், அதாவது இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவ ஜீப்பை உதிரி உதிரியாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் பெட்டியையும், நான் அப்படித்தான் பார்த்தேன். பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே, சக்கரங்களை மாட்டிய கையோடு, மேஜையில் ஒரு கண்ணாடித் துண்டைப் போட்டு அதன்மேல் நிறுத்தினேன். நாலு சக்கரமும் பதிந்தன. மூக்கு குனியவில்லை, பின்பக்கம் தூக்கவில்லை. பம்பரும் அடியில் போட்ட கண்ணாடித் துண்டும் ஒன்றுக்கொன்று மட்டமாக இருந்தன. இந்தக் கிட்டை எல்லோருக்கும் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம் இதுதான். மற்ற குறைகளைக் கையால் சரிசெய்துகொள்ளலாம். சேசிஸே கோணலாக வந்துவிட்ட கிட்டை என்ன செய்தும் நேராக்குவது கஷ்டம்.

போடிநாயக்கனூரில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். விடிவதற்கு முன்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்புகிற ஜீப்புகள்தான் என் பிழைப்பு. தரைத் தகடு உளுத்துப்போனதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பது, ஒடுக்கு எடுப்பது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது எல்லாம் அன்றாட வேலை. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் ஒரு விடுமுறைக்கு வந்தபோது இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து, "மாமா, இது நீங்க பாக்குற வண்டிதான், பிரிச்சுப் பாருங்க" என்று கொடுத்தான். அதுவரை பிளாஸ்டிக் மாடல் என்றால் குழந்தைகள் விளையாட்டுச் சாமான் என்றே நினைத்திருந்தேன். பெட்டியைப் பிரித்து சேசிஸ் உதிரியைக் கையில் எடுத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

டாமியா ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து நிறுவனம். 1946-இல் மர வியாபாரமாக ஆரம்பித்து, மர மாடல்கள் செய்து, 1960-இல் பிளாஸ்டிக் கிட்டுக்கு வந்தார்கள். இந்த 1/35 என்கிற அளவுக்கும் ஒரு கதை உண்டு. அறுபதுகளின் தொடக்கத்தில் மோட்டார் வைத்து ஓடுகிற பாந்தர் டாங்கி ஒன்றைச் செய்தார்கள். உள்ளே பேட்டரி அடங்க வேண்டும் என்று அதற்கு ஏற்ற பருமனில் செய்தபோது, அசல் டாங்கியோடு ஒப்பிட்டால் அது முப்பத்தைந்தில் ஒரு பங்காக அமைந்தது. பேட்டரிக்காக வந்த அளவுதான் இன்று உலகம் முழுக்க ராணுவ வண்டி மாடல்களுக்கு வழக்கமான அளவு.

முப்பத்தைந்தில் ஒன்று என்றால் எவ்வளவு? அசல் வில்லிஸ் எம்பி 3.33 மீட்டர் நீளம். மாடல் ஒன்பதரை சென்டிமீட்டர், உள்ளங்கைக்குள் நிற்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே அசலில் 80 அங்குலம், மாடலில் 58 மில்லிமீட்டர். இந்த 80 அங்குலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

வேலை சேசிஸிலிருந்து ஆரம்பிக்கிறது. அடியில் யாரும் பார்க்கப்போவதில்லை என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஸ்பிரிங் பட்டை, ஆக்சில், புரொப்பெல்லர் ஷாஃப்ட், சைலன்சர் எல்லாம் உண்டு. ஜீப்பில் டிஃபரன்ஷியல் உருண்டை ஆக்சிலின் நடுவில் இருக்காது. முன்னாலும் பின்னாலும் வலது பக்கம் ஒதுங்கி இருக்கும், எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ் அந்தப் பக்கம் இருப்பதால். இது தெரியாமல் வரைந்த ஜீப் படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். டாமியாக்காரர்கள் அசல் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள் என்பது மாடலைக் கவிழ்த்தால் தெரியும்.

உதிரிகளின் பொருத்தம் அருமை. ஒட்டுவதற்கு முன்னால் சும்மா வைத்துப் பார்த்தாலே தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு பாகம் சேரும் இடத்தில் பட்டி பார்க்க வேண்டிய தேவை அநேகமாக வரவில்லை. விளக்கத் தாளில் படம் தெளிவாக இருப்பதால் ஆங்கிலம் படிக்கவே வேண்டாம், எண்ணைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது உதிரிகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, உதிரியைக் கையால் முறித்து எடுக்கக் கூடாது. நிப்பர் என்கிற சின்ன வெட்டுக் குறடு வைத்து முதலில் கொஞ்சம் தள்ளி வெட்டி, பிறகு மீதமிருக்கும் துணுக்கை பிளேடால் மெல்லச் சீவி, 600-ஆம் நம்பர் உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு. கைப்பிடி, கம்பி மாதிரி மெல்லிய உதிரிகளில் வார்ப்பு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு இருக்கும். அதை பிளேடின் விளிம்பால் நீளவாக்கில் சுரண்டி எடுத்தால் போதும்.

ஒட்டுவதற்கு அதே நிறுவனத்தின் எக்ஸ்ட்ரா தின் சிமென்டைப் பயன்படுத்தினேன். பச்சை மூடி போட்ட 40 மில்லி பாட்டில், மூடியிலேயே தூரிகை இருக்கும். இது பசை மாதிரி ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. கேஸ் வெல்டிங்கில் தகடு உருகிச் சேர்வதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது உடனே பிடிபட்டது. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடுக்கில் தூரிகை நுனியைத் தொட்டால் திரவம் தானாக இடுக்கு முழுக்க ஓடிவிடும். விரல் அந்த இடுக்கின்மேல் இருந்தால் அடியில் ஓடி ரேகை பதிந்துவிடும், அதனால் பிடிக்கிற இடத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் இது ஆவியாகிற வேகம் அதிகம். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் தூரிகை போய்ச் சேர்வதற்குள் நுனி காய்ந்துவிடும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். நெடி உள்ள சாமான், காற்றோட்டம் கட்டாயம் வேண்டும்.

இனி பாடி. என் தொழில் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் கறாராகவே பார்த்தேன். வடிவம் சரி. தட்டையான மட்கார்டு, முன் கிரில்லில் ஒன்பது துளை, ஏறி இறங்கும் இடத்தின் வளைவு, பின்னால் வலது பக்கம் ஸ்டெப்னி, இடது பக்கம் பெட்ரோல் கேன், ஓட்டுநர் பக்க வெளிச்சுவரில் கோடாரியும் மண்வெட்டியும். எம்பியின் ஹெட்லைட் கிரில்லுக்குப் பின்னால் கொஞ்சம் உள்ளடங்கி இருக்கும். அசலில் அதைத் திருப்பிவிட்டால் இருட்டில் எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டும், அப்படி ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு. அந்த உள்ளடங்கிய தோற்றம் மாடலில் சரியாக வந்திருக்கிறது.

குறை என்றால் தகட்டின் கனம். இது டாமியாவின் குறை இல்லை, அச்சில் வார்க்கும் எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் உள்ளது. அசல் ஜீப் தகடு ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அதை 35-ஆல் வகுத்தால் தலைமுடியை விட மெல்லியது, அப்படி வார்க்கவே முடியாது. மாடலின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொண்டாலும், அசல் அளவில் மூன்று சென்டிமீட்டர் கனமான தகடு என்று அர்த்தம். மட்கார்டு ஓரத்திலும் ஏறும் இடத்தின் ஓரத்திலும் இது கண்ணை உறுத்துகிறது. இதற்கு ஒரு வழி உண்டு. சுவர் முழுவதையும் மெலியவைக்க வேண்டாம். வெளியே தெரிகிற விளிம்பை மட்டும் உள்பக்கமிருந்து சாய்வாகச் சீவி, 400-ஆம் நம்பரில் ஆரம்பித்து 1000 வரை தேய்த்தால் விளிம்பு கத்தி மாதிரி ஆகிவிடும். பார்க்கிறவர் கண் விளிம்பைப் பார்த்துத்தான் கனத்தை முடிவு செய்கிறது. ஒரு சாயங்காலம் முழுக்க இதிலேயே போகும். இந்தக் கிட்டில் நீங்கள் செய்யக்கூடிய வேலைகளில் இதற்குத்தான் பலன் அதிகம் என்பேன். பணம் போட்டு வாங்கும் மேலதிக உதிரிகளைவிட இந்தத் தேய்ப்பு மாடலை அசலுக்குக் கிட்டே கொண்டுபோகும்.

பெயின்டிலும் இதே கணக்கு. தூரிகையால் கெட்டியாக அடித்து 0.05 மில்லிமீட்டர் ஏறினால், அசல் அளவில் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் பெயின்ட். பட்டறையில் யாராவது அப்படி அடித்தால் வண்டிக்காரர் சும்மா விடுவாரா? தண்ணீர் பதத்தில், ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்ததாக, மூன்று நான்கு மெல்லிய பூச்சு போட வேண்டும்.

பானட்டை மூடியபடியே ஒட்டினேன். எஞ்சினை வெளியே காட்டி மாடல் செய்ய ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கிட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வேறு நிறுவனங்களின் கிட் அதற்கு ஏற்றது. டயர் ரப்பர் இல்லை, பிளாஸ்டிக். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ரப்பரில் உப்புத்தாள் ஓடாது, பெயின்ட் நிற்காது. பிளாஸ்டிக் என்பதால் தரையைத் தொடும் இடத்தை லேசாகத் தேய்த்து மட்டமாக்கினேன். அந்தச் சின்ன வேலையில் வண்டிக்கு எடை வந்துவிட்டது. நாலு டயரையும் ஒரே அளவு தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் முதலில் நான் பாராட்டிய அந்த நிலை கெட்டுவிடும்.

நட்சத்திரக் குறியும் எண்களும் தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தும் டீக்காலாக, அதாவது ஒட்டுப்படமாக, வருகின்றன. கொஞ்சம் தடிப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பளபளப்பான வார்னிஷ் பூச்சுக்கு மேலே ஒட்டி, டீக்காலை இளக்கும் திரவம் ஒரு சொட்டு வைத்தால் அடங்கிவிடுகிறது. நேராக மங்கல் பெயின்ட் மேலே ஒட்டினால் அடியில் காற்று தங்கி, வெள்ளி மாதிரி மினுங்கும்.

நிறத்துக்கு டாமியாவின் எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராப் நேராகப் பொருந்தும். ஆனால் அந்த பெயின்ட் ஸ்பிரேயில்தான் நன்றாக வரும். தூரிகையால் அடித்தால் ஒரு பூச்சு காய்வதற்குள் அடுத்தது அதை இழுத்துவிடுகிறது. தூரிகைக்காரர்களுக்கு ஸ்பெயின் நாட்டு வயெஹோ நல்லது. தண்ணீரில் கலக்கலாம், நெடி இல்லை, சொட்டு சொட்டாக விழும் பாட்டில், வீணாகாது. எதை அடித்தாலும் கடைசியில் போடும் மங்கல் வார்னிஷை மழை நாளில் ஸ்பிரே செய்யாதீர்கள். ஐப்பசி ஈரத்தில் லாக்கர் வார்னிஷ் அடித்தால் காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிப் பால் மாதிரி வெளுத்துவிடும். அசல் வண்டிக்கு பெயின்ட் அடிக்கும்போதும் இதே தொல்லைதான், அதனால்தான் மழைக்காலத்தில் பெயின்ட் வேலைக்கு நாள் தள்ளிச் சொல்லுவோம்.

இதுவரை சொன்னது கிட்டில் உள்ளபடியே செய்கிற அமெரிக்க ராணுவ ஜீப். அது முடிந்ததும் இன்னொரு பெட்டி வாங்கினேன். இரண்டாவதை எங்கள் மலை ஜீப்பாக மாற்றுவதற்கு.

அமெரிக்காவில் டொலிடோ நகரத்தில் வில்லிஸ் செய்த வண்டி நம் ஊர் மலைக்கு வந்த வழி சுருக்கமாக இது. போர் முடிந்ததும் வில்லிஸ் அதையே சிவிலியன் வண்டியாக்கி சிஜே என்று பெயர் வைத்தது. மகிந்திரா 1947-இல் இந்தியாவில் ஜீப் உதிரிகளைச் சேர்த்துப் பூட்ட ஆரம்பித்தது. பிறகு சிஜே-3பி என்கிற, பானட் உயர்ந்த மாடல் இங்கே வந்து பல பத்தாண்டுகள் ஓடியது. அதில் வைத்த ஹரிக்கேன் எஞ்சினில் வால்வு மேலே வைத்திருந்ததால் அதன் உயரம் கூடிவிட்டது. அதை மூடத்தான் பானட்டை உயர்த்தினார்கள். அந்த 3பி-க்கும் இரண்டு அச்சுக்கும் இடையே அதே 80 அங்குலம்தான். ஆகவே டாமியாவின் சேசிஸை அப்படியே வைத்துக்கொண்டு மேலே மட்டும் மாற்றினால் போதும்.

எனக்கு இருந்த வசதி, அளவெடுக்க அசல் வண்டி பட்டறையிலேயே நின்றது. டேப்பால் அளந்து, கால்குலேட்டரில் 35-ஆல் வகுத்து, நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். உங்களுக்கு அந்த வசதி இல்லாவிட்டால் தெரிந்த டிரைவர் யாரிடமாவது அரை மணி நேரம் வண்டியைக் கேளுங்கள். இணையத்துப் படங்களைவிட ஒரு டேப் நம்பகமானது.

கிரில்லில் ஒன்பது துளைக்கு ஏழுதான் வேண்டும். துளைகளை அடைத்துத் திரும்ப வெட்டுவதைவிட, அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் முன்முகத்தையே புதிதாக வெட்டுவது சுலபம். முதலில் துளையின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் டிரில் போட்டு, இடையில் பிளேடால் கோடு கிழித்து எடுத்தால் முனை உருண்டையாக அழகாக வரும். ஹெட்லைட் இதில் பெரியது, உள்ளடங்காமல் முகத்தோடு சேர்ந்து நிற்கும். பானட்டையும் டாஷ்போர்டுக்கு முன்னால் உள்ள பகுதியையும் தகட்டுப் பட்டைகள் அடுக்கி உயர்த்தி, பட்டி போட்டு, தேய்த்தேன். பட்டி நன்றாகக் காய்ந்து சுருங்குவதற்கு இரண்டு நாள் விட வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் பெயின்டுக்குப் பிறகு அந்த இடம் குழி விழும். அசல் வண்டியிலும் அப்படித்தான்.

ஸ்டியரிங்கை வலது பக்கம் கொண்டுவருவது பயந்த அளவு கஷ்டமில்லை. எம்பி டாஷ்போர்டில் மீட்டர்கள் நடுவில் இருக்கின்றன, அதைத் தொட வேண்டாம். வலது பக்கம் உள்ள சாமான் பெட்டி மூடியின் கோட்டை பட்டியால் அடைத்து, இடது பக்கம் அதே அளவில் ஊசியால் கோடு போட்டால் சரி. ஸ்டியரிங் கம்பியும் பெடல்களும் இடம் மாறும். கியர் கம்பிகள் நடுவிலேயே நிற்கட்டும். முன்கண்ணாடி 3பி-யில் இரண்டாகப் பிரியாமல் ஒரே கண்ணாடியாக வரும். ஓஹெச்பி ஷீட் என்கிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை வெட்டிச் சட்டத்துக்குள் பொருத்தினேன். அதை சிமென்டால் ஒட்டினால் மங்கிப்போகும், வெள்ளைப் பசையால் ஒட்ட வேண்டும்.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கடையில் வாங்கக் கிடைக்காத சாமான்களை வீட்டில் கிடப்பதிலிருந்து செய்துகொள்வது. வயர்களுக்கு, பழைய ஒயரைச் சீவினால் வரும் மெல்லிய செப்பு இழை. பெல்ட், வார் எல்லாம் மாத்திரை அட்டையின் பின்பக்கத் தாள், அதைக் கத்தரித்தால் நினைத்தபடி மடங்கும். ஏரியல் கம்பிக்கு மிச்சமான ஸ்ப்ரூவை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே பிடித்து, தளர்ந்ததும் விலக்கி இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தால் முடி போல நீளும். போல்ட் தலைகளும் அந்த ஸ்ப்ரூவைச் சின்னச் சின்னதாக வெட்டித்தான். அசலில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் போடும் போல்ட், இங்கே 0.37 மில்லிமீட்டர். சிமென்ட் நனைத்த தூரிகை நுனியால் தொட்டு எடுத்து வைக்கலாம்.

படுதாவுக்கு செப்புக் கம்பியில் கூண்டு வளைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்த டிஷ்யூ தாளைப் போர்த்தினேன். ஈரமாக இருக்கும்போதே கம்பிக்கு இடையில் சின்னக் குச்சியால் தொய்வு கொடுத்துவிட வேண்டும். காய்ந்ததும் விறைத்து நிற்கும். பின்னால் ஏலக்காய் மூட்டைகள். எம்-சீல் இரண்டு பாகத்தையும் பிசைந்து, மூட்டை வடிவில் உருட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து அமுக்கி, இறுகுவதற்கு முன்னால் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை மேலே வைத்து அழுத்தி எடுத்தால் சாக்கு நெசவு பதிந்துவிடும். விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், ஒட்டாது. அசல் அளவுக்கு அந்த நெசவு கொஞ்சம் பெரிதுதான். பெயின்ட் அடித்து, நீர்க்கக் கரைத்த பழுப்பு பெயின்டை, அதாவது வாஷை, இடுக்குகளில் விட்ட பிறகு சாக்கு என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

வெதரிங், அதாவது ஓடித் தேய்ந்த வண்டியின் தோற்றத்தை மாடலுக்குக் கொடுக்கும் விஷயத்தில் எனக்குத் திடமான கருத்து உண்டு. மாடல் செய்கிற பலர் வண்டி முழுக்கத் துருவைப் பூசிவிடுகிறார்கள். பானட்டின் நடுவில் துரு, கதவில்லாத பக்கச் சுவரின் நடுவில் துரு. ஓடுகிற ஜீப் அப்படித் துருப்பிடிக்காது. துரு ஆரம்பிப்பது தண்ணீர் தங்கும் இடத்தில். தரை விரிப்புக்கு அடியில், தகடும் தகடும் மடங்கிச் சேரும் இடத்தில், மட்கார்டின் உள்விளிம்பில், ஸ்டெப்னி மாட்டும் போல்டைச் சுற்றி. பெயின்ட் தேய்வது கையும் காலும் படும் இடத்தில். டிரைவர் ஏறும் பக்கத்துப் படி விளிம்பு, சீட்டின் ஓரம், கைப்பிடி. எங்கள் வண்டிக்கு அது வலது பக்கம், அமெரிக்க வண்டிக்கு இடது. பின்னால் ஆள் ஏறும் இடத்தில் செருப்புத் தேய்ப்பில் தகடே தெரியும். வெயிலில் வெளுப்பது பானட்டின் மேல்முகமும் மட்கார்டின் மேல்முகமும். மூன்றையும் மூன்று தனி வேலையாகச் செய்தால் வண்டி எங்கே ஓடியது, யார் ஓட்டினார்கள் என்பது பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

மண்ணுக்கு அசல் மண்ணை எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்க வேண்டாம். 0.3 மில்லிமீட்டர் மணல் ஒன்று 1/35 அளவில் ஒரு சென்டிமீட்டர் கல். பேஸ்டல் சாக்பீஸை உப்புத்தாளில் உரசி எடுக்கும் தூள்தான் சரியான பருமன். செம்பழுப்பும் மஞ்சள் பழுப்பும் கலந்து, சக்கரத்துக்குப் பின்னாலும் மட்கார்டுக்கு உள்ளேயும் ஆக்சில் மேலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் குழைத்து வைத்தேன். ஆல்கஹால் காய்ந்ததும் நிறம் வெளிறும், அப்போதுதான் போதுமா என்று முடிவு செய்ய வேண்டும். இடுக்குகளில் ஆழம் காட்ட டர்பன்டைனில் கரைத்த அடர்பழுப்பு ஆயில் பெயின்டை வாஷாக விட்டேன். பெயின்ட் ஏறாத வெறும் பிளாஸ்டிக்கில், அதிலும் இறுக்கமாகப் பொருத்திய பாகத்தில், இது தேங்கினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். ஆகவே முதலில் வார்னிஷ், பிறகு வாஷ், அதுவும் மிகக் கொஞ்சமாக.

முடித்த மலை ஜீப்பை பட்டறை மேஜையில் வைத்திருந்தேன். வண்டி விட வந்த டிரைவர் அண்ணன் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "பின் பட்டை நல்லா உக்காந்திருக்கு, லோடு ஏத்திருக்கீங்களா?" என்று கேட்டார். மூட்டைகளுக்காகப் பின் சக்கரத்தை மயிரிழை மேலே ஏற்றி ஒட்டியிருந்தேன். அவர் கண்ணுக்கு அது பட்டுவிட்டது. படுதா, மூட்டை பற்றியெல்லாம் பிறகுதான் பேசினார்.

விலை கடைக்குக் கடை மாறுகிறது. நான் வாங்கியபோது 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே முடிந்தது. இறக்குமதிச் சாமான் என்பதால் ஒரு தடவை இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. பார்த்தால் வாங்கி வைத்துவிடுவது நல்லது. பெயின்டைத் தபாலில் வரவழைப்பதில் சிரமம் உண்டு, தீப்பிடிக்கும் திரவத்தை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தண்ணீர் பெயின்ட் என்றால் அந்தத் தொல்லை குறைவு. முதல் மாடலாக இதைச் செய்யலாமா என்றால், தாராளமாக. உதிரிகள் கைக்கு அடக்கமான எண்ணிக்கை, பொருத்தம் மன்னிக்கும் தன்மை உடையது, முடித்ததும் பார்க்க முழு வண்டியாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர் பக்கத்தில் இருந்தால் செய்யலாம். பிளேடு வேலை மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும். பெட்டியைத் திறந்ததும் மகிந்திரா ஜீப் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது ஏற்றதில்லை. மேலே சொன்ன மாற்று வேலைகளுக்குப் பொறுமையும் பல வார சாயங்காலங்களும் தேவை. முதல் கிட்டை அப்படியே பூட்டி, வண்டியின் உறுப்புகளைக் கைக்குப் பழக்கிக்கொண்டு, அப்புறம் இரண்டாவதில் கத்தி வையுங்கள்.

கூட வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் நல்ல நிப்பர் ஒன்று, இதில் காசு பார்க்காதீர்கள். எலக்ட்ரீஷியன் கட்டர் வெட்டாது, நசுக்கும். கூர்முனை பிளேடு, 400 முதல் 1000 வரை உப்புத்தாள் (ஹார்டுவேர் கடைத் தண்ணீர்த் தாளே போதும்), ஆறேழு நிற பெயின்ட், இரண்டு நல்ல தூரிகை. சிமென்ட் ஒரு பாட்டில் வாங்கினால் இரண்டு ஜீப்புக்கும் தாராளமாக வரும், ஒவ்வொரு தடவை தொட்டு எடுத்ததும் மூடியைத் திருகி வைத்தால்.